கஞ்சி போட்ட பந்து

“வெளாடறது ஆரோ, வேர்க்கறது ஆரோ, அழுக்கு மட்டும் என்ற ஊட்டுக்கு வருது!”

திருச்செங்கோட்டு நெசவாளர் தெருவில் சுப்பம்மாள் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள் இதைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கழித்ததில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் கணவர் நாச்சிமுத்து ஒரு சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். பை தரையைத் தொடுவதற்குள் இது வந்துவிடும். சில வாரம் முணுமுணுப்பாக வரும். சில வாரம் எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு வரும். வராமல் மட்டும் இருந்ததில்லை.

பையில் இருந்தவை டென்னிஸ் பந்துகள். ஊருக்கு மேற்கே, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளப் இருந்தது. தாசில்தார், டாக்டர், பேங்க் மேனேஜர், நாலைந்து லாரி முதலாளிகள் எல்லாரும் சாயங்காலமானால் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவார்கள். நாச்சிமுத்து அந்தக் கிளப்பில் மார்க்கர். காலையில் மைதானத்தைக் கூட்டி, சாணி தெளித்து மெழுகி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டி வைப்பது அவர் வேலை. ஆள் குறைந்தால் அவரே மட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் நிற்க வேண்டும். முதலாளிகள் ஜெயிக்கிற மாதிரியும் ஆட வேண்டும், அது அவர்களுக்குத் தெரியாத மாதிரியும் ஆட வேண்டும். இந்த வித்தையில் அவரை மிஞ்ச சேலம் வரைக்கும் ஆள் இல்லை என்று பெயர்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் தறியை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்ததில் மாமனாருக்கு வருத்தம். “கால ஆட்டிப் பொழைக்கறது நம்ம தொழிலு. கைய வீசிப் பொழைக்கறேன்னா எப்படிங் மாப்பளே?” என்று சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். சுப்பம்மாள் தன் பங்குக்குத் தறியில் உட்கார்ந்து சேலை நெய்தாள். குழிக்குள் காலைத் தொங்கப் போட்டால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டாள். திங்கட்கிழமை மட்டும் பந்துக்கு.

புதுப் பந்து மெட்ராஸிலிருந்து அட்டைப் பெட்டியில் வரும். அது ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் அடிபட்ட பந்துதான். அப்போது பந்தெல்லாம் வெள்ளை. சாணி மெழுகிய செம்மண்ணில் ஒரு வாரம் உருண்டால் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, மொத்தத்தில் அது ஒரு செவலை மாட்டு நிறத்துக்கு வந்துவிடும். அதைத் திரும்ப வெள்ளையாக்கித் தர வேண்டும் என்று செகரட்டரி மயில்சாமி சொல்ல, “என்ற ஊட்டுல நூலே வெளுப்பாங்க, பந்து எந்த மூலைக்குங்க” என்று நாச்சிமுத்து வாய் விட்டுவிட்டார். அது அறுபத்தாறாம் வருஷம்.

முதல் பையை சுப்பம்மாள் நூலைப் போலத்தான் நினைத்தாள். அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, சோடா உப்புப் போட்டு, பந்துகளை உள்ளே கொட்டி அவித்தாள். பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, என்ன வேகுது? முட்டையா?”

“ஆமா. தாசில்தாரு போட்ட முட்டை. வா, உனக்கொண்ணு உரிச்சுத் தாரேன்.”

முட்டை உரிவதைப் போலவேதான் உரிந்தது. வெந்நீரில் பசை இளகி, மேலே ஒட்டியிருந்த கம்பளி தனியாகவும் உள்ளே இருந்த ரப்பர் தனியாகவும் வந்தன. நாச்சிமுத்து மத்தியானம் வந்து பார்த்தபோது கம்பளித் தோலெல்லாம் கயிற்றில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ரப்பர் உருண்டைகள் மொட்டையடித்த தலைகள் மாதிரி கிடந்தன. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் கலங்கவில்லை. “நூலுன்னு நெனச்சேன், இது தோலு. இனிமேத் தெரிஞ்சுக்கறேன்” என்றாள்.

தெரிந்தும் கொண்டாள். பந்தைத் தண்ணீருக்குள் போடக் கூடாது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும், அந்த நுரையை மட்டும் எடுக்க வேண்டும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்து நீவுகிற வேர்ப் பிரஷ் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. பழசாகி முனை மழுங்கிப்போனது, பாவுக்கு ஆகாது, பந்துக்கு ஆகும். பிரஷ்ஷின் நுனியில் நுரையைத் தொட்டு, பந்தை இடது உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே ஒரே போக்காகத் தேய்க்க வேண்டும். எதிர்ப்போக்கில் தேய்த்தால் கம்பளி முடி பிய்ந்து வரும். பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. வெயிலில் வைத்தால் ரப்பர் செத்துப்போகும், நிழலில்தான் காய வைக்க வேண்டும். அதற்கு அவள் தறிக்குழிக்கு மேலே பழைய நூலில் ஒரு தூளி கட்டியிருந்தாள். காய்ந்த பிறகு வெறும் பிரஷ்ஷால் முடியைத் தூக்கி விடுவாள். பந்து அப்போது பிறந்த கோழிக்குஞ்சு மாதிரி புசுபுசுவென்று நிற்கும்.

நிற்கிற பந்தைப் பார்த்தும் ஏச்சு குறையாது. “பாருங்க, சீவி சிங்காரிச்சு உடறேன். நாளைக்கே போயி சாணியில பொரண்டுட்டு வரும். பெத்த புள்ள தேவல.” பெற்ற பிள்ளை ஒரே மகள் சாரதாமணி. கொமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது.

நாச்சிமுத்துக்கு இந்த ஏச்சு வேண்டியிருந்தது. அது கேட்கிற வரை வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், பேங்க் மேனேஜர் பக்கவாட்டில் அடித்த பந்து நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. அடித்த சத்தம் கேட்டது, தரையில் குத்திய சத்தம் கேட்டது, நடுவில் பந்து இல்லை. வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தார். பிறகு மேகமாக இருந்த நாளிலும் அப்படியே ஆனது. நேர் எதிரே தெரியும். இரண்டு பக்கமும் யாரோ கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வருவது போல இருக்கும்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத மார்க்கர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. சொன்ன அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். முப்பது வருஷம் அந்த மைதானத்தில் நின்ற காலை எடுத்துக்கொண்டு தறிக்குழிக்குள் தொங்கவிட அவரால் முடியாது. அதனால் காதை வைத்துச் சமாளித்தார். டாக்டர் அடிப்பதற்கு முன் ஒரு செருமல் செருமுவார், பந்து வலப்பக்கம் வரும். மயில்சாமிக்கு அடிக்கும்போது மூச்சு முட்டும், “ஹக்” என்று ஒரு சத்தம், பந்து வலையில் விழும், நகர வேண்டியதே இல்லை. இப்படி ஒவ்வொருவரையும் காதில் எழுதி வைத்துக்கொண்டார்.

ரோட்டைத் தாண்டுவதுதான் கஷ்டம். போர்க்கிணறு போடுகிற ரிக் லாரிகள் அந்த வருஷங்களில்தான் ஊரில் பெருகின. ஒரு நாள் காலையில் ஒரு லாரி அவரை உரசுகிற மாதிரி கிறீச்சிட்டு நின்றது. கிளீனர் தலையை நீட்டி, “ஏய்யா பெருசு, ஊட்டுல சொல்லிட்டு வந்துட்டயா?” என்றான். வீட்டில் எதையும் சொல்லாமல்தான் அவர் வந்திருந்தார். பதறி விழுந்ததில் முட்டி சிராய்த்திருந்ததை, கோடு போடும்போது சறுக்கிவிட்டது என்று சுப்பம்மாளிடம் சொன்னார்.

“சுண்ணாம்பு சறுக்குதா? இத்தன வருசமாச் சறுக்காத சுண்ணாம்பு?” என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் அரைத்துப் போட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்புறம் இன்னொரு தொந்தரவு வந்தது. சுப்பம்மாள் வெளுத்த பந்துக்கும் புதுப் பந்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று. நல்ல கண்ணுக்கு ஒரு சின்ன மங்கல் தெரியும். அவருக்கு இரண்டும் ஒரே வெள்ளை மூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறி வெளுத்த பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். மயில்சாமி சிரித்தார். “என்ன நாச்சிமுத்து, பொண்டாட்டி வெளுத்ததுன்னா உனக்குப் புதுசாத்தான் தெரியுமோ?” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, “இந்த வாரம் பந்து ரொம்ப நல்லா வெளுத்திருக்குதுன்னு செகரட்டரி சொன்னாரு. புதுசு எது பழசு எதுன்னே தெரியலையாமா” என்று மட்டும் சொன்னார். சுப்பம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது போல அவருக்குத் தோன்றியது. அதுவும் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தபோது விரலில் ஏதோ இடறியது. தையல் மாதிரி வளைந்து போகிற கோட்டின் ஓரத்தில் ஒரு முடிச்சு. அறுந்த இழையை நெசவாளி முடிகிற அதே சின்ன முடிச்சு, எள்ளுக்குப் பாதி. வெள்ளை நூலில் போட்டிருந்ததால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. விரலுக்கு மட்டும் தெரியும். அடுத்த பந்தை எடுத்தார். அதிலும் இருந்தது. எல்லாப் பந்திலும் இருந்தது. புதுப் பந்தில் எதிலும் இல்லை.

நாச்சிமுத்து சாமான் அறையில் பையின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். அவள் எப்போது கண்டுபிடித்தாள்? முட்டியில் மஞ்சள் போடும்போதா, அதற்கும் முன்னாலா? வீட்டுக்குப் போனதும் அவள் ஏதாவது சொல்லுவாள் என்று பயந்துகொண்டே போனார்.

“பையக் கொண்டாந்தாச்சா? ஆரு வெளாடறது, ஆரு வேர்க்கறது...” என்று அவள் ஆரம்பித்தாள். அவருக்கு உயிர் வந்தது. அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் அந்த முடிச்சை நம்பி வண்டி ஓடியது.

எழுபத்தொன்பதில் கிளப்புக்குப் பெரிய போட்டி வந்தது. சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி விளையாட வருவதாக இருந்தது. மயில்சாமி ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். “நாச்சிமுத்து, பழகறதுக்குக் குடுக்கற பந்துகூடப் பளபளன்னு இருக்கோணும், என்ன நாஞ் சொல்றது? உன்ற சம்சாரத்துக்கிட்டச் சொல்லு. கலியாணத்துக்குச் சேல நெய்யற மாதிரி நெனச்சுச் செய்யச் சொல்லு.”

அவர் அதை அப்படியே வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு நூறு தடவை நினைத்தார்.

நெசவு வீட்டில் புதுசு என்றால் கஞ்சி. தறியிலிருந்து அறுத்த சேலை மொடமொடவென்று நிற்பது கஞ்சியால். கடைக்காரர் மடிப்பை விரித்து உதறினால் ‘படார்’ என்று கேட்பது கஞ்சியால். கஞ்சி போன துணி பழந்துணி. சுப்பம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் இது. பதின்மூன்று வருஷமாகப் பந்துக்கு நுரை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தவள், கலியாணச் சேலை என்றதும் பச்சரிசிக் கஞ்சியை வடித்து, துணியில் வடிகட்டி, ஒவ்வொரு பந்துக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து, முடியை நீவித் தூக்கிக் காய வைத்தாள். காய்ந்த பந்துகள் விறைப்பாக, முத்து மாதிரி நின்றன. கந்தம்மாள் பார்த்துவிட்டு, “அக்கா, இத அடிக்கறதுக்கு மனசு வருமா?” என்றாள்.

“அவுங்களுக்கு வரும். அடிக்கறதுக்குத்தானே சம்பளம் வாங்காம நாயாட்ட ஓடறாங்க” என்றாள் சுப்பம்மாள். ஆனால் குரலில் பெருமை வழிந்தது நாச்சிமுத்துக்குக் கேட்டது.

போட்டி அன்று விடியற்காலையில் மழை. கிளப்பின் சாமான் அறை ஓடு ஒழுகி, புதுப் பந்துப் பெட்டிகள் நனைந்து கூழாகிவிட்டன. நாச்சிமுத்து அவசர அவசரமாக அட்டையைப் பிய்த்துப் போட்டு, புதுப் பந்துகளையெல்லாம் உலர்ந்த கூடையில் கொட்டினார். கஞ்சி போட்டவையும் அதே கூடையில்தான் இருந்தன. கலந்தால் என்ன, கைக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக ஏமாற்றாத முடிச்சு.

பத்து மணிக்கு மேகம் விலகாமலே ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். மயில்சாமி, “புதுசு எடு” என்றார். நாச்சிமுத்து கூடைக்குள் கையை விட்டார். ஒரு பந்தை உருட்டினார், முடிச்சு இல்லை. இன்னொன்று, முடிச்சு இல்லை. இன்னொன்று, இன்னொன்று. எதிலும் இல்லை. கூடையில் பாதி பழசு என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாதி என்று தெரியவில்லை. கஞ்சி முடியையும் முடிச்சையும் சேர்த்து ஒட்டி வழவழவென்று ஆக்கியிருந்தது.

“என்னப்பா, வெத்தலையா பொறுக்கற?” என்று யாரோ கேட்டார்கள். அவர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் பார்வைக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று இருந்தது.

ஈர மைதானத்தில் அந்தப் பந்து நாலு தடவை குத்தியதும் கஞ்சி ஊற ஆரம்பித்தது. மண் அப்பிக்கொண்டது. எழும்ப வேண்டிய உயரத்துக்கு எழும்பாமல் சொத்தென்று உட்கார்ந்தது. அதிகாரியின் மட்டை நரம்பில் பிசுபிசுவென்று ஒட்டியது. அவர் பந்தைக் கையில் எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார். “வாட் இஸ் திஸ்? சோத்து வாசம் அடிக்குதே!” என்றார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மயில்சாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நாச்சிமுத்துவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “குடிச்சிருக்கறயா?”

நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கூடைக்குள்ள கைய உட்டுக்கிட்டு நீ தடவுன தடவல நான் பாத்தேன். நடையும் கொஞ்ச நாளாச் சரியில்ல. கோடு கோணலாப் போடற. கூப்புட்டா வேற பக்கம் பாக்கற. நெசத்தச் சொல்லு, காலையிலயே ஊத்திக்கிட்டயா?”

ஒரு சொட்டும் தொட்டறியாத மனுஷன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு அது ஒரு வாசல் மாதிரித் தெரிந்தது. குடிகாரனைத் திட்டுவார்கள், ஒரு மாதம் நிறுத்தி வைப்பார்கள், சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். முன்பு இருந்த தோட்டக்காரனை அப்படி இரண்டு தடவை சேர்த்துக்கொண்டார்கள். கண் போனவனை யாரும் திரும்பச் சேர்த்துக்கொண்டதில்லை.

“ஆமாங்க” என்றார். “தப்புத்தானுங்க. மழக் குளிருக்குக் கொஞ்சமா...”

“இல்லீங்க!”

வராந்தாப் படியில் மூச்சிரைத்துக்கொண்டு சுப்பம்மாள் நின்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. கையில் ஒரு பந்து இருந்தது. தூளியில் விட்டுப்போன ஒன்று.

“அவரு குடிக்க மாட்டாருங்க சாமி. தப்பு என்னுது. புதுசாட்டத் தெரியோணும்னு நாந்தான் கஞ்சி போட்டனுங்க. இந்தாங்க, இதுல ஒரு முடிச்சுப் போட்டிருக்கறனுங்க, அதத் தடவிப் பாத்துத்தான் புதுசு பழசு கண்டுபுடிப்பாரு. காலையில தொட்டா என்ற கைக்கே அகப்படலீங்க. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்.”

“தடவிப் பாத்தா?” என்றார் மயில்சாமி. “ஏன், பாத்தாத் தெரியாதா?”

“சுப்பு, ஊட்டுக்குப் போ” என்றார் நாச்சிமுத்து. மெதுவாகத்தான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவள் போகவில்லை.

“அவருக்குக் கண்ணு தெரியலீங்க. மூணு வருசமாச்சுங்க.”

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மயில்சாமி சுப்பம்மாள் கையிலிருந்த பந்தை வாங்கினார். பத்தடி தள்ளிப் போய் நின்றார். “நாச்சிமுத்து, புடி பாக்கலாம்” என்றார். குரலில் கோபம் இல்லை.

தரையில் குத்துகிற பந்துக்குச் சத்தம் உண்டு. காற்றில் வருகிற பந்துக்குச் சத்தம் கிடையாது. நாச்சிமுத்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். பந்து அவர் மாரில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது. அது உருண்டு போகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

மயில்சாமி குனிந்து அதை எடுத்துக்கொண்டு, “சாவியக் குடுத்துட்டுப் போப்பா” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரோட்டைத் தாண்ட சுப்பம்மாள் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார். அவள் திரும்பப் பிடித்தாள். லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. அப்புறம் அவர் உதறவில்லை.

நாற்பது நாள் அவளோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். சாரதாமணி கொமாரபாளையத்திலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு அழைத்துப்போனாள். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். “ஐயா, இது உரிச்சு எடுக்கற பொரை இல்ல. கண்ணுக்குள்ள அழுத்தம். ரெண்டு மூணு வருஷம் முந்தி வந்திருந்தா இருக்கறதக் காப்பாத்தியிருக்கலாம். போன வெளிச்சம் போனதுதான்” என்றார். யாருக்கும் சொல்லாமல் மறைத்த அதே மூன்று வருஷம். நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார்.

பந்து மட்டும் வருவது நிற்கவில்லை. புது மார்க்கராக வந்த வேலுமணி நாலு பிள்ளைக்குத் தகப்பன். திங்கட்கிழமை காலையில் சைக்கிளில் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, “அண்ணா, வாரனுங்க” என்று கூச்சத்தோடு ஓடிவிடுவார். சுப்பம்மாள் பழையபடி ஏசுவாள், பழையபடி நுரை எடுப்பாள். கஞ்சிப் பக்கம் போகவில்லை. நாச்சிமுத்து சுவரைப் பார்த்தபடியே பிரஷ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை ஒரு பந்து உருண்டு வந்து அவர் காலில் முட்டி நின்றது. தானாக வந்ததா, அவள் உருட்டிவிட்டாளா என்று அவருக்குத் தெரியாது. எடுத்தார். தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது செத்த பந்து. வெளுக்காத” என்றார். நாற்பது நாளில் அதுதான் முதல் பேச்சு.

“செத்தா என்னங்க, பந்தும் குளிச்சுட்டுப் போகட்டும்” என்றாள் அவள். ஆனால் அடுத்த பந்தையும் அவர் பக்கமே நீட்டினாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமானது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, உயிருள்ளதை ஒரு பக்கமும் செத்ததை ஒரு பக்கமும் பிரிப்பார். உயிருள்ளதை அவள் வெளுப்பாள். அவர் துணியால் துடைத்துத் தூளியில் அடுக்குவார். எண்பத்தைந்தில் கிளப்புக்கு மஞ்சள் பந்து வந்தது. சுப்பம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஆருங்க மஞ்சப் பூசி உட்டது? சடங்கா?” என்றாள். நாச்சிமுத்து பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் ஒன்று ஆறவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டி நடக்கிற வாரம் வந்தால், வேலை நடுவில் அவர் கை நின்றுவிடும். “குடிகாரன்னு உட்டிருந்தா ஒரு மாசத்துல திருப்பிக் கூப்புட்டிருப்பாங்க. நீ எதுக்கு வந்து சொன்ன?” என்பார். எதற்கும் வாய் திறக்கிற சுப்பம்மாள் இதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை. பிரஷ் கொஞ்சம் வேகமாக ஓடும். அவ்வளவுதான். அவள் தலை குனிந்திருக்கிறாளா, தன்னைப் பார்க்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. பதில் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

எண்பத்தெட்டாம் வருஷம் சுப்பம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் வேண்டியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலைத் தறிக்குப் பக்கத்தில் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வேலுமணி பையோடு வந்து, அவளைப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். “வெச்சுட்டுப் போ” என்றார் நாச்சிமுத்து.

அவரே பூந்திக்கொட்டையைக் கசக்கினார். அவரே பிரஷ்ஷை எடுத்தார். கட்டிலிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. “நொர ஜாஸ்தி... எதிர்ப்போக்குல போறீங்க... முடி போச்சு, முடி போச்சு... அந்தப் பக்கம் செம்மண்ணு இன்னும் இருக்குதுங்க, உங்களுக்கெங்க தெரியும்...” குரல் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. உத்தரவு மட்டும் குறையவில்லை.

அப்படி மூன்று வாரம் போனது. நாலாவது வாரம் புதன்கிழமை அவள் இறந்துபோனாள். அதற்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம், சாரதாமணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். தூரத்தில் கிளப் பக்கமிருந்து மைக் சத்தம் கேட்டது. போட்டிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்துவின் கை நின்றது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“குடிகாரன்னு உட்டிருந்தா ஒரு மாசத்துல திருப்பிக் கூப்புட்டிருப்பாங்க. எதுக்கு சுப்பு சொன்ன?”

கட்டில் கயிறு கிரீச்சென்றது. அவள் இவர் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் சுப்பம்மாள், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, ஒன்பது வருஷத்துப் பதிலைச் சொன்னாள்:

“திருப்பிக் கூப்புடுவாங்கன்னு தெரிஞ்சுதானுங்க சொன்னேன். கூப்புட்டா நீங்க போவீங்க. அந்த லாரி ரோட்ட நெதமும் தடவிக்கிட்டே தாண்டுவீங்க, நானு இங்க பிரஷ்ஷக் கையில புடிச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோணும். மூணு வருசம் அப்படி உக்காந்தனுங்க, நாலாவது வருசம் என்னால ஆகாதுன்னுதான் சொன்னேன். உங்களுக்குக் கிளப்புப் போச்சு, எனக்கு நீங்க போகல. இதுல ஆருக்கு நட்டம்னு இனி நீங்களே உக்காந்து ரோசன பண்ணுங்க, எனக்குப் பேச மூச்சில்ல.”